ஏரிக்கு ஜெனரல் பேரு, ஜெனரல் மண்ணு ஏரிக்குள்ளே

கேள்வி | 9 மார்ச்

போன வாரம் குடும்பத்தோட ஃப்ளோரிடாவுக்கு கார்லயே போனோம். சவுத் கரோலினாவுல ஐ-95 நெடுஞ்சாலை ஒரு பெரிய ஏரியைத் தாண்டிப் போகுது, லேக் மேரியன்னு பேரு. சாப்பாட்டுக் கடை தேடி உள்ரோட்டுல சுத்தினப்போ ரோட்டோரம் ஒரு வரலாற்றுப் பலகை. ஜெனரல் ஃபிரான்சிஸ் மேரியன் கல்லறைன்னு போட்டிருந்தது. அவர் வெட்டின ஏரிதானே இது? ராஜாதித்தர் தன் படைவீரர்களை வெச்சு வீராணம் வெட்டினார்னு சொல்வாங்களே, அந்த மாதிரி. வீட்டுக்காரம்மா இல்லவே இல்லைங்கிறாங்க. பந்தயம் ஒரு பிரியாணி.

10 மார்ச், இரவு

தோற்றது நீங்கள். மேரியன், பிரிட்டிஷாரை எதிர்த்த அமெரிக்க விடுதலைப் போரின் தளபதி. இறந்தது 1795 பிப்ரவரி. ஏரியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது 1941 கடைசியில். நடுவே 146 வருஷம். அவர் காலத்தில் அங்கே ஓடியது சான்டீ ஆறு. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் சதுப்பு. பின்னால் ராணுவ எஞ்சினியர்கள் வந்து ஆற்றை மறித்து அணை கட்டி, உள்ளூர் வீரர் பெயரை ஏரிக்கு வைத்தார்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. போர் முடிந்து அவர் குடியிருந்த பாண்ட் பிளஃப் வீடு இன்றைக்கு எங்கே என்றால், அதே ஏரிக்கு அடியில். பெயர் வைத்த கையோடு ஆளின் வீட்டையும் முழுக்கிவிட்டார்கள். எனக்கு இது தெரிய இந்த ஊருக்கு வந்து 6 வருஷம் ஆயிற்று.

10 மார்ச், முக்கால் மணி நேரம் கழித்து

இரண்டு பிழை. படுத்தபிறகு உறைத்தது.

ஒன்று, கட்டியது ராணுவம் இல்லை. சான்டீ கூப்பர் என்று எல்லோரும் சொல்கிற மாநில மின்வாரியம். 1934-ல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். தனியார் மின் கம்பெனிகள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை இழுத்தன. 1939-ல்தான் மரம் வெட்டவே ஆரம்பித்தார்கள். பணம் ரூஸ்வெல்ட் காலத்து மத்திய அரசுப் பணம். வேலை செய்தவர்கள் 12,500 பேருக்கும் மேல். ராணுவ எஞ்சினியர்கள் இந்தக் கதையில் வருவது 1985-ல், வேறு காரியத்துக்கு. அது பிறகு.

இரண்டு, ‘வீடு’ என்று எழுதியது அவசரம். பண்ணை நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போரில் நாசமாகி, அவர் கடன் வாங்கித் திரும்ப எழுப்பிய இடம் அது. செத்ததும் அங்கேதான்.

13 மார்ச்

மேரியனின் ‘சதுப்பு நரி’ என்ற பட்டப்பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நரி என்றால் நம் பக்கம் திட்டு. அங்கேயும் முதலில் திட்டுதான்.

1780 மே மாதம் சார்ல்ஸ்டன் நகரம் பிரிட்டிஷ் கைக்குப் போனது. ஆகஸ்டில் கேம்டனில் அமெரிக்கப் படை சிதறியது. தெற்கே படை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. அந்த நேரத்தில் மேரியனிடம் இருந்தது சொந்தக் குதிரையில் வந்த விவசாயிகள், சில நாள் அம்பது பேர், சில நாள் இருநூறு. அறுவடை வந்தால் ஆள் குறையும். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. இரவில் வந்து அடிப்பார்கள், விடிவதற்குள் சதுப்புக்குள் மறைந்துவிடுவார்கள்.

நவம்பரில் டார்ல்டன் என்ற குதிரைப்படைத் தளபதி அவரை விரட்டினார். ஏழு மணி நேரம், சுமார் 26 மைல். ஆக்ஸ் ஸ்வாம்ப் என்ற சேற்றுக்காட்டு விளிம்பில் குதிரைகள் நின்றுவிட்டன. ‘இந்தக் கிழட்டு நரியைச் சாத்தானாலும் பிடிக்க முடியாது’ என்று சொல்லித் திரும்பியதாகக் கதை. சொன்னாரோ இல்லையோ, பெயர் நின்றுவிட்டது. கிழட்டு நரிக்கு அப்போது வயது 48 இருக்கும். எனக்கு இப்போது 47. போகட்டும்.

13 மார்ச், பின்குறிப்பு

டார்ல்டனை அனுப்பிய மேலதிகாரி யார் தெரியுமா? கார்ன்வாலிஸ். ஆமாம், அதே கார்ன்வாலிஸ். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்தவர், 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1792-ல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். அந்த உடன்படிக்கையில்தான் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போயின. சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய சிலை நிற்கிறது, பீடத்தில் திப்புவின் பிள்ளைகள் காட்சி. பள்ளியில் கூட்டிப்போனபோது பார்த்தது. கரோலினா சேற்றில் ஒரு விவசாயிக் கூட்டம் இவரைத் தூங்கவிடாமல் அடித்தது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

16 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை, வெயிலும் இல்லை, பழைய இடத்துக்கே ஒரு நடை போய்வந்தேன். பலகையைத் திரும்பப் படிக்கத்தான்.

இந்தப் பலகைகள் சவுத் கரோலினாவில் 1936 முதல் வைக்கப்படுகின்றன. உலோக வார்ப்பு, கம்பத்தின்மேல். கார் போகிற வேகத்தில் படிக்க முடியாது. வண்டியை நிறுத்தினால் சாலைக்கு ஓரம் என்று ஒன்று இருக்காது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இருக்கும், பின்னால் மரம் ஏற்றிய லாரி ஹாரன் அடிக்கும். முதல்முறை அப்படித்தான் பாதியில் ஓடிவந்தேன். ஆகவே பல வருஷமாக எனக்குத் தெரிந்தது பாதிப் பலகைதான்.

நீங்கள் பார்த்தது 45-ஆம் எண் சாலையில். அங்கிருந்து மைல் கணக்கில் உள்ளே போனால் கல்லறை. கல்லறை இருக்கும் பெல் ஐல், மேரியனின் அண்ணன் கேப்ரியலின் பண்ணை. பண்ணை வீடு எதுவும் இல்லை. மரங்கள், ஒரு வேலி, இரண்டு கல். அவரும் மனைவி மேரி எஸ்தரும். 54 வயதில் கல்யாணம், பிள்ளை இல்லை. கல்லின் கடைசி வரி, அச்சமின்றி வாழ்ந்தார், பழியின்றி இறந்தார் என்ற பொருளில் முடிகிறது. நல்ல வரி. கொசு இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்கவிடவில்லை. பூட்டிய காரில் உட்கார்ந்துதான் அந்த வரியைப் பற்றி யோசித்தேன். பழியின்றி என்பது யார் கணக்கில்?

17 மார்ச்

நேற்று அரைகுறையாக விட்டதை முடிக்கிறேன்.

வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்தின் செனட் பக்கம் ஒரு ஓவியம் இருக்கிறது. ஜான் பிளேக் வைட் வரைந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரியை மேரியன் சாப்பிடக் கூப்பிடுகிறார். விருந்து என்னவென்றால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இதைத் தின்று சண்டை போடுகிற கூட்டத்தை ஜெயிக்க முடியாது என்று அதிகாரி அசந்துபோனதாகக் கதை. (என் பாட்டி இதைக் கேட்டிருந்தால், கிழங்கு தின்பதில் என்ன வீரம் என்று கேட்டிருப்பாள்.) உள்நாட்டுப் போரின்போது தெற்கத்திக்காரர்கள் அடித்த 10 டாலர் நோட்டில்கூட இந்தக் காட்சி வந்தது.

கிழங்கைச் சுட்டுக் கொடுக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் அந்தப் படத்தில் இருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் வெறும் ‘வேலைக்காரர்’ என்றே சொல்லிவந்தார்கள். பெயர் ஆஸ்கர் மேரியன். ஜெனரலின் அடிமை. சின்ன வயதிலிருந்து கூடவே இருந்து போர் முழுக்க அவரோடு போனவர். 2006 டிசம்பரில்தான் அந்தக் கட்டிடத்திலேயே அவர் பெயரைச் சொல்லி மரியாதை செய்தார்கள். குடும்பப் பெயரும் எஜமான் பெயர்தான், கவனித்தீர்களா? ஏரிக்கு வைத்தது எந்த மேரியன் பெயர் என்று கேட்டால் சட்டப்படி பதில் ஒன்றுதான்.

18 மார்ச்

சொன்னதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டை இன்றைய கண்ணால் பார்க்காதே என்கிறார். பார்க்கவில்லை சார். கல்லில் இருப்பதை வாசித்தேன், ஒரு சொல் தொண்டையில் நின்றது, அவ்வளவுதான். 1761-ல் செரோக்கி மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் கொளுத்திய படையிலும் அவர் இருந்தார். அதற்காக அவர் வருந்தியதாகப் பலரும் எடுத்துக்காட்டும் உருக்கமான பத்தி, 1809-ல் ஒரு பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்று மரபில் வந்தது. அந்தப் பாதிரியாருக்குக் குறிப்புகள் கொடுத்தவரே, அச்சில் பார்த்து, என் சரித்திரத்தைக் கதையாக்கிவிட்டாய் என்று நொந்துகொண்டார். ஆகவே அந்தக் கண்ணீரை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

அந்த நொந்துகொண்டவர் பெயர் பீட்டர் ஹாரி என்று எழுதப் போனேன். உள்ளூரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். எழுத்தில் ‘ஹாரி’, வாயில் ‘ஓ-ரீ’. ஃபிரான்சை விட்டு ஓடிவந்த ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகளின் பெயர்கள், மேரியன் குடும்பமும் அந்த வழிதான். ழகரத்தை வைத்து உலகத்தைக் கேலி செய்கிற நாம் இங்கே வாயை மூடிக்கொள்வது நல்லது.

22 மார்ச்

ஏரிக்கு வருகிறேன்.

1,10,000 ஏக்கர். ஐந்து மாவட்டங்களைத் தொடுகிறது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாத இடங்கள் உண்டு. ஆனால் ஆழம் என்று பெரிதாக இல்லை, அதுவும் மேல்பக்கம் இடுப்பளவு, கழுத்தளவு. தண்ணீருக்கு மேலே செத்த சைப்ரஸ் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. அழகுக்காக விட்டதில்லை. யுத்தம் வந்துவிட்டது, மின்சாரம் அவசரம், மரங்களை முழுக்க வெட்டி முடிக்காமலே தண்ணீரை நிறுத்தினார்கள். 1942 பிப்ரவரியில் மின்சாரம் ஓடியது.

மிச்சம் விட்ட மரங்களின் விலை இன்றைக்கும் படகுக்காரர் தலையில். பக்கத்து வீட்டுக்காரர் பூனைமீன் பிடிக்க என்னைக் கூட்டிப்போனார். நான்தான் முன்னால் உட்கார்ந்து கட்டை பார்த்துச் சொல்ல வேண்டியவன். நான் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டங் என்று ஒரு சத்தம், ப்ரொப்பெல்லர் இறக்கை மடங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டோம். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேச ஆரம்பித்தார். கையை நீட்டி, இந்தத் தண்ணீருக்குக் கீழே எங்கள் பாட்டியின் பருத்திக் கொல்லை என்றார். காட்டிய இடத்துக்கும் சுற்றியிருந்த தண்ணீருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

இந்த ஏரிக்கும் கீழே இருக்கும் மூல்ட்ரி ஏரிக்கும் சேர்த்து 901 குடும்பங்களை எழுப்பினார்கள். பெரும்பாலும் கறுப்பினக் குத்தகை விவசாயிகள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி இடம் மாற்றினார்கள்.

22 மார்ச், சற்றுப் பிறகு

இடம் மாற்றிய கல்லறைகளில் ஒன்று, மேரியனின் எதிரியுடையது. இதைச் சொல்லாமல் தூங்க முடியாது.

யூட்டா ஸ்பிரிங்ஸ், 1781 செப்டம்பர் 8. கரோலினாவில் நடந்த கடைசிப் பெரிய சண்டை. அமெரிக்கப் பக்கம் நதானியேல் கிரீன், அவருக்குக் கீழே மேரியன். பிரிட்டிஷ் பக்கம் ஓடையோரப் புதரைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்று, தோற்க இருந்த படையைக் காப்பாற்றியவர் மேஜர் மார்ஜரிபேங்க்ஸ். சண்டையில் தப்பி, சார்ல்ஸ்டனுக்குத் திரும்பும் வழியில் காய்ச்சலில் செத்தார். வழியில் இருந்த வான்டூட் என்ற பண்ணையில் சாலையோரம் புதைத்தார்கள். 1941-ல் அந்த இடம் மூல்ட்ரி ஏரிக்குள் போகப்போகிறது என்றதும், 160 வருஷத்துக்குப் பிறகு அவரை எடுத்துக்கொண்டு வந்து, அவர் சண்டை போட்ட களத்திலேயே வைத்தார்கள். அணை கட்டியவர்கள் செலவில் ஒரு பிரிட்டிஷ் மேஜர் திரும்பக் களத்துக்கு வந்து சேர்ந்தார். பூ வைத்திருப்பதை நானே பார்த்தேன்.

போர்க்களம் முழுக்க மூழ்கிவிட்டது என்று நண்பர்களிடம் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு. ஒரு பகுதிதான் தண்ணீருக்குள். ஆனால் பெயருக்குக் காரணமான ஊற்றுகள் உள்ளே போய்விட்டன. ஊற்றை ஏரி விழுங்கியிருக்கிறது.

29 மார்ச்

ஜன்னலிலிருந்து குதித்த கதையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். சரி. 1780 மார்ச், சார்ல்ஸ்டனில் ஒரு விருந்து. எல்லோரும் குடித்து முடிக்கும்வரை யாரும் போகக்கூடாதென்று வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். மேரியன் குடிக்கிற ஆள் இல்லை. இரண்டாம் மாடி ஜன்னல் வழியே குதித்தார், கணுக்கால் உடைந்தது. காயத்தோடு ஊருக்கு வெளியே போனதால்தான் மே 12-ல் நகரம் சரணடைந்தபோது அவர் மாட்டவில்லை. கணுக்கால் உடைந்ததும் ஊரை விட்டுப் போனதும் நடந்தவை. பூட்டிய கதவு, செவிவழி.

29 மார்ச், மறுபடியும்

‘இரண்டாம் மாடி’ இல்லை. அமெரிக்கக் கணக்கில் தரைத்தளமே முதல் மாடி. ஆகவே நம் கணக்கில் அவர் குதித்தது முதல் மாடியிலிருந்து. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் லிஃப்ட்டில் தவறான பொத்தானை அமுக்குகிறவன் நான்.

5 ஏப்ரல்

மூல்ட்ரி யார் என்று ஒரு தனிக் கேள்வி. 1776 ஜூன் 28, சல்லிவன் தீவில் பனை போன்ற பால்மெட்டோ மரத் தண்டுகளால் கட்டிய, பாதி முடிந்த கோட்டையை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பற்படையைத் திருப்பி அனுப்பியவர். தண்டு நாரும் பஞ்சுமாக இருந்ததால் பீரங்கிக் குண்டு உடைக்காமல் புதைந்துபோனது. மாநிலக் கொடியில் அந்த மரம் இருப்பது அதனால்தான். அன்று கோட்டைக்குள் அவருக்குக் கீழே மேரியனும் இருந்தார்.

அவர் கதையும் இதே கதை. அவருடைய நார்த்தாம்ப்டன் பண்ணை மூல்ட்ரி ஏரிக்குள். ஒரே திட்டம், இரண்டு ஜெனரல், இரண்டு ஏரி, இரண்டு பண்ணையும் தண்ணீரில். அவர் உடலைக்கூட 1978-ல் எடுத்துக் கோட்டைப் பக்கம் மாற்றினார்கள். இன்னொன்று, மூல்ட்ரி இறந்தது 1805 செப்டம்பர் 27. எட்டு நாள் கழித்து காஜிப்பூரில் கார்ன்வாலிஸ். இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, தேதியைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

6 ஏப்ரல்

1985 என்ன என்று கடன் வைத்திருந்தேன். சான்டீ ஆற்றைத் திருப்பி, ஏரிகள் வழியாகச் சின்னக் கூப்பர் ஆற்றில் விட்டார்கள் அல்லவா, கூப்பர் போய் விழுவது சார்ல்ஸ்டன் துறைமுகத்தில். கூடவே வண்டலும் போனது. துறைமுகம் தூர்ந்துகொண்டே வந்தது, தோண்டித் தோண்டி மாளவில்லை. கடைசியில் ராணுவ எஞ்சினியர்கள் செயின்ட் ஸ்டீஃபன் அருகே கால்வாய் வெட்டி, பெரும்பகுதித் தண்ணீரைத் திரும்ப சான்டீயிலேயே விட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘மறுதிருப்பல்’ என்பதுதான். திருப்பியதைத் திருப்புவது. மீன்களுக்கு அங்கே ஒரு லிஃப்ட்கூட உண்டு. அது சரியான தளத்தில் நிற்கும் என்று நம்புகிறேன்.

19 ஏப்ரல்

வடகரையில் இன்னொரு இடம் போய்வந்தேன், வாட்சன் கோட்டை. கோட்டை என்று எதுவும் இல்லை, ஒரு மண்மேடு. சான்டீ பழங்குடியினர் பெயரால் சொல்லப்படும் மேடு. பிரிட்டிஷார் அதன் தலையில் கோட்டை கட்டினார்கள். 1781 ஏப்ரலில் மேரியனும் ஹென்றி லீயும் வளைத்தார்கள். பீரங்கி இல்லை. பக்கத்தில் இருந்த ஸ்காட்ஸ் லேக் தண்ணீரை எடுக்கவிடாமல் தடுத்தார்கள், உள்ளே இருந்தவர்கள் கிணறு வெட்டிக்கொண்டார்கள். பிறகு மேஹம் என்ற அதிகாரி யோசனை சொன்னார். மரம் வெட்டி அடுக்கி, இரவோடு இரவாக ஒரு உயரமான பரண். விடிந்ததும் மேலிருந்து கோட்டைக்குள் சுட்டார்கள். 23-ஆம் தேதி சரணாகதி. தினைப்புனத்துப் பரணுக்கு இப்படியும் ஒரு வேலை.

அந்த ஸ்காட்ஸ் லேக் இன்று மேரியன் ஏரியோடு கலந்துவிட்டது. மேட்டின்மேல் நின்றேன். என்னைத் தவிர ஒரு தம்பதி. அந்த அம்மா பலகையைப் படித்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்: இந்த மேட்டைக் கட்டினவங்க பேர் என்ன? அவர் திரும்ப ஒருமுறை பலகையைப் படித்தார்.

20 ஏப்ரல்

முதலில் கேட்டவர் நவம்பரில் திரும்ப அந்த வழியாகப் போகிறாராம். ஐ-95-ல் 98-ஆம் வெளியேற்றம், 6-ஆம் எண் சாலையில் கிழக்கே ‘யூட்டாவில்’ என்ற ஊர். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போர்க்களப் பூங்கா, மேஜர் அங்கேதான். அங்கே காரை நிறுத்த இடம் உண்டு. கல்லறைக்கு 45-ஆம் எண் சாலை. பலகைக்கு எதிரே நிறுத்தாதீர்கள், உள்ளே திரும்பும் பாதையில் ஏறி நிறுத்திவிட்டு நடந்து வந்து படியுங்கள். நவம்பரில் கொசு குறைவு.